ஒலக்கூர் போரும் பூகா ஆவியும்

ஒலக்கூரில் பூமியைத் துளைத்தால் முதலில் எழுவது புகை. மேலே செம்மண், அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே இறுகிய கருங்கல். ரிக் வண்டியின் முனை கருங்கல்லைத் தொட்டதும் கம்ப்ரசர் காற்று சாம்பல் நிறத் தூளை மேலே தள்ளும். பக்கத்து மல்லாட்டைக் கொல்லை முழுக்க வெளுத்துப்போகும். கொல்லைக்காரர் வரப்பில் குந்தியபடி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருப்பார். தூள் ஈரமாகிக் குழம்பாக வந்தால் பிழைத்தார். வராவிட்டாலும் அடிக்கணக்கு அடிக்கணக்குதான். எத்தனை அடி இறங்கியதோ அத்தனைக்கும் திருச்செங்கோட்டு வண்டிக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். நகையை அடகு வைத்துப் போட்ட போர் பொய்த்துப்போன வீடுகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும்.

பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, எல்லா அறிக்கைகளிலும் மெகாவாட் கணக்கே முன்னால் நின்றது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளைக் கணக்கெடுத்திருக்கிறது. அவற்றை வைத்து ஏறத்தாழ 10,600 மெகாவாட் எடுக்கலாம் என்பது பல காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. என் கண்முன் நின்றது வேறு: வரப்பில் குந்தியிருக்கும் அந்த மனிதர். வெப்பத்தைத் தேடிப் போடும் துளையும் பொய்க்கக்கூடியதுதானே? பொய்த்தால் நஷ்டம் யாருடையது? இந்தக் கேள்வியோடுதான் ஒலக்கூரிலிருந்து லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு வரை போனேன். வழியில் கோலார் தங்கவயலிலும் இறங்கினேன்.

செங்கல்பட்டு - விழுப்புரம் பாதையில் திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் பாசஞ்சர் வண்டிகள் நிற்கும் சிறிய ஸ்டேஷன் ஒலக்கூர். சுற்றுவட்டாரத்துக் குவாரிகளிலும் கிரஷர்களிலும் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் உடைபடும் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். திண்டிவனத்திலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய திருவக்கரைக் கல்மரங்களை மிகப் பழையவை என்று வியக்கிறோம். அவற்றின் வயது 2 கோடி ஆண்டுகள்தான். கிழப் பாறை ஆறிப்போன பாறை. பூமிக்குள் வெப்பத்தை உண்டாக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய மூன்றும் எங்கள் ஊர் வகைப் பாறையில் மிகக் குறைவு. அடியிலிருந்து மேலேறும் சூட்டுக்கும் இந்தத் தடித்த பழைய நிலம் எளிதில் வழிவிடுவதில்லை. உலகத்தில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். தென்னிந்தியப் பாறையில் அதில் பாதிகூடக் கூடாத இடங்கள் உண்டு.

அது எப்படித் தெரியும் என்றால், நம் ஆட்கள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர் வழியாகக் காட்பாடி போய், அங்கிருந்து ஜோலார்பேட்டை, குப்பம் கடந்தால் பங்காருப்பேட்டை. அதிலிருந்து கிளை பிரியும் வண்டி கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஊர்ந்து மாரிக்குப்பத்தில் நின்றுவிடும். ஏறத்தாழ இதே வழியில்தான் ஆற்காட்டு மாவட்டங்களின் நிலமில்லாத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கவயலுக்குப் போயின. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் சுரங்கத்தைப் பெருக்கியபோது தொடங்கிய அந்தப் போக்கு, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது பெங்களூருக்கான தினசரி ரயில் கூட்டமாக மாறிவிட்டது. சயனைடு மண்மேடுகள் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் சுமார் 65 டிகிரி. அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர் தன் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "பாறையில கைய வெச்சா வெச்ச கைய எடுத்துடணும் தம்பி. மேலருந்து குளுந்த காத்த தள்ளுவாங்க. கீழ வந்து சேர்றதுக்குள்ள அதுவும் காஞ்சிடும்." ஷிப்டு முடிந்து கூண்டில் மேலே வரும்போது கோடை வெயில் இதமாகப் படும் என்றார். மனித உடம்பு தாங்க முடியாத அந்தச் சூடு, மின்சாரம் எடுப்பவர் கண்ணில் மிகக் குறைவு. 100 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலான நிலையங்களுக்குக் கட்டுப்படியாகும். 150 இருந்தால் நல்லது. தங்கவயல் போன்ற பாறையில் 150 டிகிரியைத் தொட 10 கிலோமீட்டருக்கும் கீழே போக வேண்டும். மனிதர் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது, 12,262 மீட்டர். அதைப் போடச் சோவியத் அரசுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. ஒலக்கூரில் இன்றைய கருவிகளோடு புவிவெப்ப மின்நிலையம் வராது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஊருக்கு ஊர் பூமிக்கடியில் மின்சாரம் கொட்டிக்கிடக்கிறது என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லே. மூச்சு பழகும்வரை லேயில் தங்கிவிட்டு, சிந்து நதியை ஒட்டித் தென்கிழக்கே கிளம்பினோம். காரு, உப்ஷி, கியாரி. மலைகள் ஒரு வளைவில் ஊதா, மறு வளைவில் பச்சை, அதற்கடுத்து செங்கல் நிறம். இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி நசுங்கிய கோட்டின் மேலேயே அந்தச் சாலை போகிறது. மோதல் இன்னும் முடியவில்லை. பூமியின் இந்த இடம் இளசு, அதனால் சூடு. சுமத்தாங் என்ற சிற்றூரில் சிந்துவின் கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஆவி பறந்தது. சில்லென்று ஓடும் ஆற்றிலிருந்து ஓரடி தள்ளிக் கை வைக்க முடியாத வெந்நீர். மாஹே பாலத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு ஆற்றைக் கடந்து, சும்தோ தாண்டினால் பூகா.

சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் அகலமில்லாத ஒரு பள்ளத்தாக்கு அது. தரையெங்கும் வெள்ளையாகப் பூத்திருப்பது வெண்காரம். பாறை இடுக்குகளில் மஞ்சளாகக் கந்தகம். அவிந்த முட்டை வாடை. ஓடையின் இரு பக்கமும் சின்னச் சின்னக் குழிகளில் நீர் கொப்பளிக்கிறது, சேறு குமிழியிடுகிறது. அந்த உயரத்தில் நீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊற்று நீரின் சூடும் அதையே தொட்டு நிற்கிறது. ஓரிடத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து வெந்நீரும் ஆவியுமாகச் சீறிக்கொண்டே இருந்தது. ஒலக்கூரில் எந்தக் கொல்லைக்காரரும் இப்படி ஒரு போரைக் கண்டால் ஊரைக் கூட்டிப் பொங்கல் வைத்திருப்பார்.

இங்கே துளை போட்ட கதை பழையது. வெந்நீர் ஊற்றுகளை ஆராய மத்திய அரசு 1966-இல் ஒரு குழு அமைத்தது. 1973 முதல் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் பூகாவில் துளையிட்டார்கள். மொத்தம் 34 துளைகள். மிக ஆழமானதும் 385 மீட்டரைத் தாண்டவில்லை. அந்த ஆழத்திலேயே 140 டிகிரி வரை கிடைத்தது. தங்கவயலில் 3 கிலோமீட்டர் இறங்கிக் கண்ட சூட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! 17 துளைகள் தாமாகவே பீறிட்டன. எல்லாம் சேர்ந்து மணிக்கு 190 டன் வெந்நீரும் ஆவியும். இன்னும் கீழே 200 டிகிரிக்கு மேல் இருக்கும் என்று நீரின் வேதியியல் சொன்னது. அந்தச் சூட்டைக் கொண்டு வெண்காரத்தைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள், கண்ணாடிக் குடிலில் காய்கறி வளர்த்தார்கள், குடிசையைக் கதகதப்பாக்கினார்கள். மின்சாரம் மட்டும் எடுக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அந்தக் குழாய்கள் வானத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கின்றன.

மின்சாரம் எடுக்கும் முறை புதிரானதல்ல. பூமிக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் மேலே வரும்போது அதில் ஒரு பகுதி ஆவியாக வெடிக்கும், அந்த ஆவி டர்பைனைச் சுற்றும். சூடு போதாதென்றால், வெந்நீரைக் கொண்டு பென்டேன் போன்ற சீக்கிரம் கொதிக்கும் திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியால் சுற்ற வைக்கலாம். வேலை முடிந்த நீரை வேறொரு துளை வழியே கீழேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904-இல் பியெரோ ஜினோரி கோன்தி என்ற இளவரசர் பூமி ஆவியால் சில பல்புகளை எரிய வைத்தார். 1913-இல் அங்கேயே 250 கிலோவாட் நிலையம் வந்துவிட்டது. நம் நாட்டில் இமாச்சலத்து மணிகரணில் 1990-களின் தொடக்கத்தில் 5 கிலோவாட் முன்னோட்டக் கருவி ஒன்றை வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. தெலங்கானாவின் மணுகூரு அருகே பகிடேறுவில், நிலக்கரி தேடிப் போட்ட துளையிலிருந்து வந்த வெந்நீரைக் கொண்டு சிங்கரேணி நிறுவனம் 20 கிலோவாட் கருவியை அமைத்தது. இவ்வளவுதான் நம் கணக்கு.

பூகாவுக்கு மறுபடி உயிர் வந்தது 2021 பிப்ரவரியில். ஓ.என்.ஜி.சி. எரிசக்தி மையம், லடாக் நிர்வாகம், லே மலை வளர்ச்சி மன்றம் மூன்றும் உடன்படிக்கை செய்துகொண்டன. முதல் கட்டமாகச் சுமார் 500 மீட்டர்க் கிணறும் 1 மெகாவாட் நிலையமும். ஐஸ்லாந்து நிபுணர்கள் துணை. 2022-இல் துளையிட்டபோது எதிர்பார்த்ததைவிட அதிக அழுத்தத்தில் ஆவி பீறிட்டது. அந்த ஆகஸ்டில் கிணற்றுத் திரவம் பூகா ஓடையில் கலந்தது, வேலை நின்றது. இது அங்கே வேலை செய்தவர்களை ஏளனம் செய்வதற்கான செய்தி அல்ல. மூச்சு வாங்கும் உயரத்தில், வருடத்தில் சில மாதங்களே வேலை நடக்கும் குளிரில், அடியில் என்ன அழுத்தம் என்று முழுதாகத் தெரியாத இடத்தில் போட்ட துளை அது. அழுத்தத்தை அடைக்கும் வால்வு, படிப்படியாகச் சிமென்ட் இட்டு இறக்கும் கேசிங், வெளிவரும் நீரைத் தேக்கும் குட்டை என்று ஒவ்வொன்றும் பல லட்சம் கேட்கும். பிறகு 2024-இல் இன்னும் ஆழம் போக மறுபடி வேலை தொடங்கியது.

ஓடைக்கு மேலே ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்த சாங்பா மூதாட்டி ஒருவரிடம் பேசினோம். பஷ்மினா கம்பளி தரும் ஆடுகள். "ஜூலே, அமா-லே" என்று வணங்கிவிட்டு எங்கள் டிரைவர் பேச்சைத் தொடங்கி, எனக்கு இந்தியில் சொன்னார். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். ஊற்று நீரை ஆடு எங்கே குடிக்கலாம், எங்கே கூடாது என்பது அவர்களுக்கு வழிவழியாகத் தெரியும். கீழிருந்து புதிதாக வரும் நீர் ஓடையில் சேர்ந்தால் அது ஆட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று யார் சொல்வார்கள்? பூகாவின் ஆழத்து நீரில் போரான் மிகுதி. சீசியமும் லித்தியமும்கூட உண்டு. அந்த ஓடை போய்ச் சேருவது சிந்துவில். நியாயமான கேள்வி என்று மட்டும்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. ஓடை நீரைச் சோதித்த முடிவை மாதாமாதம் லடாக்கி மொழியில் சும்தோவில் ஒட்டி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு கேசிங் பைப்பின் விலைகூட ஆகாது.

நான் தேடிப் போன கேள்விக்கு உலகத்தில் விடை இருக்கிறது. ஐஸ்லாந்து இன்று வீடுகளில் பத்துக்கு ஒன்பதைப் பூமிச் சூட்டால் கதகதப்பாக்குகிறது. எரிமலை நாடு, அவர்களுக்குச் சுலபம் என்று நாம் தள்ளிவிடுகிறோம். சுலபமாக்கியது இன்னொன்று. 1960-களிலேயே அந்த அரசு ஒரு எரிசக்தி நிதி வைத்தது. ஊராட்சி கடன் வாங்கித் துளை போடும். வெந்நீர் கிடைத்தால் கடனைத் திருப்பும், பொய்த்தால் கடன் மானியமாகிவிடும். பாரிஸ் சுற்றுப்புறத்துக் குடியிருப்புகளுக்குப் பூமி வெந்நீர் கொண்டுவந்தபோது பிரான்சும் இதுபோல ஒரு காப்பு நிதி வைத்தது. கென்யா 2008-இல் புவிவெப்ப வளர்ச்சிக்கென்றே அரசு நிறுவனம் தொடங்கியது. துளை போடும் ஆபத்தை அது சுமக்கும், கிடைத்த ஆவியை மின்நிலையம் நடத்துபவர்களுக்கு விற்கும். இன்று கென்யாவின் மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் பூமியிலிருந்து வருகிறது. இதே கென்யாவின் ஓல்கரியாவில் மேய்ச்சல் நிலத்திலிருந்து மாசாய் குடும்பங்களைப் பெயர்த்த விவகாரம் உலக வங்கி வரை புகாராகப் போனது. அந்த அம்மாவின் பட்டிக்கு முன்னால் நின்றபோது அதுவும் நினைவுக்கு வராமல் இல்லை.

உலகம் முழுக்கச் சேர்த்தாலும் புவிவெப்ப மின்சாரம் 16,000 மெகாவாட் அளவில்தான் நிற்கிறது. சூரிய மின்சாரம் ஒரே ஆண்டில் அதைப்போலப் பல மடங்கு கூடிவிடுகிறது. சோலார் பலகை வாங்குபவருக்கு வெயில் இருக்குமா என்ற சந்தேகம் இல்லை. துளை போடுபவர் செலவில் பெரும்பங்கைப் போட்ட பிறகே சூட்டைப் பார்க்கிறார். வங்கி எப்படிக் கடன் கொடுக்கும்? கிடைத்த பிறகும் கவலை உண்டு. நியூசிலாந்தின் வைராகெய்யில் 1958 முதல் நீரை இழுத்துக்கொண்டே இருந்து திருப்பி அனுப்பாததால் ஓரிடத்தில் தரை 14 மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கலிபோர்னியாவின் கீசர்ஸ் களத்தில் அளவுக்கு மீறி ஆவி எடுத்ததால் அழுத்தம் விழுந்தது. பிறகு நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து குழாயில் கொண்டுவந்து உள்ளே செலுத்தித்தான் தேற்றினார்கள். சூடான வறண்ட பாறையை நீரால் பிளந்து வெப்பம் எடுக்கும் முறையை இப்போது அமெரிக்காவில் யூட்டாவிலும் நெவாடாவிலும் வளர்த்து வருகிறார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017-இல் 5.5 அளவில் நிலம் நடுங்கியதும் இதே முறைத் திட்டத்தால்தான் என்று அரசுக் குழுவே முடிவு சொன்னது.

இருந்தும் எனக்கு இதன் மேல் பற்று கூடித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இந்தியா முழுமைக்கும் சொல்லப்படும் புவிவெப்ப மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. பகலில் வெயில் கொடுக்கிறது, ஆடியில் காற்று கொடுக்கிறது. மாலை ஆறரைக்கு இரண்டும் கைவிட்டால் நெய்வேலிக் கரியைத்தான் நாடுகிறோம். இரவு பகல், மழை வெயில் பாராமல் ஒரே சீராக வரும் மின்சாரம் கொஞ்சமாக இருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம். நம் மாநிலத்தில் இடம் என்று பார்த்தால் காவிரிப் படுகை. அங்கே பழைய பாறைக்கு மேல் ஆழமான படிவுகள், அவற்றில் 1960-களிலிருந்து இறக்கிய எண்ணெய்க் கிணறுகள். வற்றிய கிணறுகளைச் சூட்டுக்குப் பயன்படுத்தலாமா என்பது ஆராய வேண்டியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட புவிவெப்பக் கொள்கையும் கைவிட்ட கிணறுகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் 2017-இல் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிராக நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களைப் பார்த்த மக்களிடம், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த டெல்டாவில், "இது வேறு துளை" என்று ஒரு அதிகாரி போய்ச் சொன்னால் நம்புவார்களா? நிலத்தடி நீர்க் கணக்கை முதலில் மேசைமேல் வைக்காமல் அந்தப் பேச்சையே தொடங்கக் கூடாது.

சும்தோவில் ஒரு தேநீர்க் கடையில் அன்று மாலை உட்கார்ந்திருந்தோம். குளிர்காலத்தில் இங்கே வெளியே வைத்த வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும் என்றார் கடைக்காரர். சாணமும் டீசலும்தான் கதகதப்புக்கு. சில கிலோமீட்டர் மேலே, பூகாவில் நாடோடிக் குழந்தைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு மிக அருகில்தான் வெந்நீர் தரையைப் பிளந்து வருகிறது.

மின்நிலையம் வரட்டும். 1 மெகாவாட் என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரிய வரம். அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது. 1970-களில் பொதுப்பணத்தில் போட்ட துளைகளில் பொய்க்காதவை பதினேழு. அவற்றின் நஷ்டத்தையும் ஆபத்தையும் நாடு அப்போதே சுமந்தாயிற்று. டர்பைன் வேண்டாம், மின்கம்பி வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ஒரு துளையின் வாயைச் சரிசெய்து, அந்த நீர் அரிக்காத குழாயும் ஒரு வெப்பமாற்றியும் வைத்தால் பள்ளியின் விடுதி அறைகளும் ஒரு பசுமைக்குடிலும் குளிர்காலம் முழுக்கச் சூடாக இருக்கும். பயன்படுத்திய நீரைத் திரும்ப உள்ளே அனுப்ப இன்னொரு பழைய துளை. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டார்: "இத்தனை வருஷம் ஏன் செய்யலே?" டிரைவர் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, தானும் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார்.